வீட்டுக்குப் போகும் ஒட்டகங்கள்

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையை எழுதப்போகிறேன் என்று, இதோ, வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். வலது கை என்பதை மனதில் வைத்துக்கொள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. இந்தக் கதையில் பலாப்பழம் சுமக்கும் ஆடுகள் வரும். இரண்டு மாநிலங்களை ஆட்டிவைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வரும். ஒரு ஸ்பூனும் வரும். கூடவே இருந்த நீயே நம்பமாட்டாய். நம்பாவிட்டால் எழுந்து வந்து மறுத்துச் சொல். அதற்கும் வழியில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாய் அல்லவா? அந்தக் கோபத்திலிருந்துதான் இந்த மடலே தொடங்குகிறது.

இன்று காலை மூக்குக்கண்ணாடியைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது பழைய சோப்பு டப்பா ஒன்று கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். சீல் மையின் வாடை. கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் மருந்து, அடியில் எப்போதோ இருந்த சோப்பின் வாசனை. பனச்சமூட்டில் இருந்த உன் ரப்பர் ஸ்டாம்புக் கடை முழுவதும் அந்த டப்பாவுக்குள் மடிந்து உட்கார்ந்திருந்ததுபோல எழுந்து வந்து என் மூக்கில் ஏறியது. உள்ளே என் நட்சத்திரம் இருந்தது. பலாக்கட்டையில் ஒட்டிய ரப்பர் நட்சத்திரம். ஊதா காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

டப்பாவை மூடுவதற்குள் வாசலில் பைக் சத்தம். எங்கள் சபைக் கரோல் குழுவின் புதிய செக்ரட்டரி. பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் மாமாவாகிய நான் அவனுக்கும் மாமா.

"மாமா, இந்த வருசத்துக் கிறிஸ்மஸ் கார்டு ரெடியாயாச்சு," என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

நம் கார்டுதான். இடது ஓரத்தில் என் நட்சத்திரமும் குடிலும். வலது ஓரத்தில் உன் மூன்று ஒட்டகங்கள், மேலே மூன்று ஞானிகள். போன வருஷத்துக் கார்டைப் படம் பிடித்திருக்கிறான். ஆனால் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒட்டகங்கள் திரும்பி நின்றன! குடிலைப் பார்த்து, நல்ல பிள்ளைகளாக, வரிசையில் வந்துகொண்டிருந்தன.

"என்னலே செய்து வச்சிருக்க?"

"ஒரு கிளிக்காக்கும் மாமா. ஒட்டகத்த மட்டும் பிடிச்சுத் திருப்பி வச்சேன். இத்தன வருசமா தப்பாட்டு போயிட்டிருந்துல்லா? ஞானிக குடிலுக்கு முதுகக் காட்டிட்டுப் போனா வெளியூர்க்காரன் சிரிக்கமாட்டானா? இப்ப நேராயாச்சு. வாட்ஸ்அப்பில ஒரே நேரம் எல்லா வீட்டுக்கும் போவும்."

"திருப்புலே."

"எதுக்கு மாமா?"

"திருப்புலேன்னா திருப்பு!"

"கோவப்படாதீங்க மாமா. பேப்பர் கார்டு இனி யாரு செய்யது? நிங்க ஒருத்தர் அடிச்சா பாதிக் கார்டுதானே வரும். மத்தவரு போயாச்சு."

மத்தவரு! உனக்குக் கிடைத்த பட்டத்தைப் பார்த்தாயா? நெய்யாற்றின்கரையிலிருந்து கடலோரம் வரை உன் சீல் விழாத காகிதம் உண்டா? அப்படிப்பட்ட மன்னன் இன்று 'மத்தவரு'. என் உடம்பில் ரத்தம் கொதித்த வேகத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் அவிந்திருக்க வேண்டும். அவன் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கரோல் கிளம்பும். அதற்குள் கையடித்த கார்டு வந்தால் வீடுவீடாகக் கொடுப்போம், வராவிட்டால் போனில் இருப்பது போகும் என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான்.

இந்தப் பயலுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்?

பனச்சமூடு சந்திப்பில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் அடுத்த ஆள் மூச்சை வெளியிலேயே விட்டுவிட்டு வரவேண்டிய கடை உன்னுடையது. இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் சாலையின் இந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் சீல், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழில் சீல். நீ காய்ச்சலில் படுத்தால் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து படுக்கும். உன் வட்டச் சீல் விழாமல் கள்ளிக்காட்டு அணையில் மீன்கூட முட்டையிடத் தயங்கும். நீ மைத்தட்டைக் கழுவி ஊற்றிய ஒரு நாளில் அந்த மீன்கள் எல்லாம் ஊதாவாக மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எழுத்துகளைத் திருப்பி வெட்டி வெட்டி உன் கண்ணே திரும்பிப்போயிருந்தது. சலூன் கண்ணாடியில் தெரியும் பேப்பரைத்தான் படிப்பாய். நேரே கொடுத்தால் தலை வலிக்கிறது என்பாய். அப்படிப்பட்டவன் அந்த ஒட்டகங்களில் போய் விழுந்தாயே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ அவற்றை வெட்டிய வருஷம்வரை எங்கள் கரோல் குழு கடையில் வாங்கிய அட்டைகளைத்தான் வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றை உன்னிடம் நீட்டினேன். நீ அதை வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ கள்ளச் சீலைக் கண்டுபிடித்தவன் மாதிரிப் பார்த்தாய்.

"எலே, இந்த வெள்ளையெல்லாம் என்னது? பஞ்சா?"

"உறைபனியாக்கும்."

"எங்க பெய்யுது?"

"இயேசு பொறந்த ஊருல."

"போலே. அது மணல்காடாக்கும். ஒட்டகம் நடக்கிற ஊருல பனியக் கொட்டி வச்சிருக்கானுவ. உனக்க சாமியப் பத்தி உனக்கே தெரியாதா?" அட்டையைத் திருப்பி என் மடியில் போட்டாய். "நான் செய்து தாறேன். ஒட்டகம் வச்சு, ஞானி வச்சு. ரப்பர் ஸ்டாம்புல."

உன் கடைக்குள் ஏறும்போது செருப்பை வாசலில் கழற்றிவிடுவது என் வழக்கம். மரியாதைக்காகச் செய்தேன். அந்த மரியாதைக்கு எனக்குக் கிடைத்த பரிசைக் கேள், உலகமே கேள். மத்தியானச் சோற்றின் மயக்கத்தில் உன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். விழித்தபோது வாசலில் செருப்பைக் காணவில்லை. உன் மடியில் இருந்தது. இடது செருப்பின் முன்பாதியில் மூன்று ஒட்டகங்கள். வலது செருப்பின் குதிகாலில் வால்நட்சத்திரமும் அதன் கீழே ஓலைக்குடிலும். மிச்சத் துண்டுகள் உன் காலடியில் தேங்காய்த் துருவல்போலக் கிடந்தன.

"என்னலே இது!"

"ரப்பர் வேணும்லா? கடையில கிடக்கதுக்குக் கனம் போராது."

"அதுக்கு எனக்க செருப்பா?"

"உனக்க சபைக்குத்தானே செய்யுதேன்? பின்னே எனக்க செருப்பயா வெட்டுவாவ?"

அந்த நியாயத்துக்கு இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அது எப்படிப்பட்ட செருப்பு! அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்தால் பெருங்கடவிளைச் சந்தையில் வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள். அன்று வெறுங்காலோடு வீடு போனேன். இரண்டு மாநிலத்து முட்களும் கூட்டம் போட்டு, எந்தக் கால் யாருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன.

ஒட்டகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ ஒட்டகத்தைக் கண்டவன் இல்லை. சந்தைக்கு வரும் ஆடுகளைக் கண்டவன். ஆகவே மூன்று ஆடுகள், முதுகில் ஆளுக்கொரு பலாப்பழம், அதன்மேல் தலைப்பாகை கட்டிய மூன்று பேர். என் பெருவிரல் பதிந்து பதிந்து குழிந்த இடம் நடு ஒட்டகத்தின் வயிற்றில் வெள்ளையாக விழுந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "தண்ணி வச்சிருக்க எடமாக்கும்," என்றாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஆட்டைக்கூட மன்னித்திருப்பேன். அதைவிடப் பெரியது மறுநாள் தெரிந்தது. நீ முந்திக்கொண்டு எல்லா அட்டைகளிலும் ஒட்டகங்களை அடித்து அடுக்கிவைத்திருந்தாய், வலது ஓரத்தை ஒட்டி. இடது பக்கம் என் நட்சத்திரத்துக்கும் குடிலுக்கும் வெறுமையாக இருந்தது. முதல் அட்டையில் நட்சத்திரத்தை அழுத்தி எடுத்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம்.

"எலே," என்றேன், "இவிய எங்க போறாவ?"

ஞானிகள் குடிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டையை விட்டே வெளியேறப் போகிறவர்கள்போல வலது பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

நீ செருப்பைப் பார்த்தாய். அதில் அவர்கள் இடது பக்கம் பார்த்து நின்றார்கள். அட்டையைப் பார்த்தாய். மறுபடி செருப்பைப் பார்த்தாய்.

"ஆயுசு முழுக்க எழுத்தைத் திருப்பி வெட்டுத ஆளு, இத ஏம்லே திருப்பல்ல?"

"எழுத்துக்குத்தாம்லே நேரும் மறிச்சும் உண்டு. ஒட்டகத்துக்கு உண்டா? எந்தப் பக்கம் பாத்தாலும் அது ஒட்டகந்தானே!"

அட்டை வேறு இல்லை. நேரமும் இல்லை. அட்டை ஓரத்தில் மூக்கு முட்ட அடித்த ஒட்டகங்களுக்கு முன்னால் குடில் வைக்க இடமும் இல்லை. அப்படியே போகட்டும் என்று நட்சத்திரத்தை அடித்து முடித்தேன். நீ விசில் அடித்துக்கொண்டு மைத்தட்டைத் துடைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அட்டைகள் கைமாறின. அன்றைய கமிட்டிப் பெரியவர் ஒன்றை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏறிய சிவப்பில் மெழுகுவர்த்தி தானாகப் பற்றிக்கொண்டது.

"குடிலுக்குப் புறங்காட்டிப் போறானுக! இது களியாக்கலாக்கும், சுத்தக் கேலி. வேற மதக்காரன்கிட்ட குடுத்தா இப்பிடித்தான் வரும். எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க!"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிமாளாது. செருப்பு போனதற்கு உன்னை நான் திட்டலாம். ஆட்டை ஒட்டகம் என்று விற்றதற்கு நான் திட்டலாம். அவர் யார் உன்னைத் திட்ட? வாயைத் திறந்தேன். அதற்குள், மிச்ச அட்டைகளைக் கொண்டுவந்த நீ, எங்கள் சபைக் கோயில் வாசலில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டாய். விரல்களெல்லாம் ஊதா.

"பெரியவரே, அவிய பிள்ளையக் கண்டாச்சு. கொண்டு வந்தத குடுத்தாச்சு. இனி வீட்டுக்குப் போறாவ. பிள்ளை பெத்த வீட்டுல எத்தன நேரமாக்கும் உக்காந்திருப்பாவ?"

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்காத விருந்தாளிகளைப் பற்றி அவர்களுக்குத்தானே தெரியும்? பிறகு எங்கள் சபைப் பாதிரியார் அச்சன் சிரித்தார். ஞானிகள் ஊர் திரும்பியதும் வேதத்தில் உள்ள கதைதானே, யாரும் படம் வரையவில்லை, அவ்வளவுதான் என்றார். பெரியவர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கைக்குழந்தை ஒன்று இடுப்பில். அது வயிற்றில் இருக்கும்போதே வளைகுடா நாட்டுக்குப் போன புருஷன் இன்னும் வந்தபாடில்லை.

"அண்ணா, இன்னொரு கார்டு உண்டா? அவருக்கு அனுப்பணும்."

"ஒட்டகந்தான் அங்கயே உண்டே மோளே," என்றாய்.

"அங்க உள்ளது அங்கயே நிக்குதுல்லா. இது வீட்டுக்குப் போறது. அவரும் பாக்கட்டு."

உன் வாயை அடைத்த ஒரே ஆள் அவள்தான். இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தாய்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் புருஷன் வந்து இறங்கினான். அட்டையைத் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்ததாகவும், மூன்று பேரும் தினமும் தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் லீவு கேட்டதாகவும் சொன்னான். அவ்வளவுதான். ஊரில் புருஷனையோ மகனையோ அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீடெல்லாம் உன் கடை வாசலில் வரிசை கட்டியது. அந்த அட்டைகள் போன பிறகு வளைகுடாவிலிருந்து வந்த விமானங்கள் எல்லாம் பாதை வளைந்து பனச்சமூடு சந்திப்பில் இறங்கப் பார்த்தன. பஸ் நிற்பதால் இடமில்லை என்று நீதான் கைகாட்டித் திருப்பி அனுப்பினாய்.

ஒட்டகத்தை இடது ஓரத்தில் அடித்துக் குடிலை வலது ஓரத்தில் அடித்தால் எல்லாம் நேராகிவிடும் என்பது மறு வருஷமே நம் இருவருக்கும் தெரியும். நான்தான் கேட்டேன், "எலே, எடம் மாத்தி அடிப்போமா?" நீ மைத்தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போறவன வழியில பிடிச்சுத் திருப்பாதலே," என்றாய். அதன்பின் ஒரு வருஷமும் மாறவில்லை. இடது செருப்பு உன்னிடம், வலது செருப்பு என்னிடம். "ஒத்தச் செருப்ப எவம்லே களவாண்டு போவான்?" என்பது உன் பாதுகாப்பு ஏற்பாடு. ஒருவன் இல்லாமல் இன்னொருவனால் முழுக் கார்டு அடிக்க முடியாது. மார்கழி பிறக்குமுன் நான் நட்சத்திரத்தோடு வருவேன், நீ ஒட்டகத்தை எடுப்பாய், செருப்புக்கு நான் நஷ்டஈடு கேட்பேன், நீ தரமாட்டாய். அப்படித்தான் கிறிஸ்துமஸ் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கே வருகிறேன் பார். அன்று இடுப்பில் இருந்த அந்தக் கைக்குழந்தைதான் இன்றைய செக்ரட்டரி! அவன் அப்பனை ஊருக்குக் கூட்டிவந்த ஒட்டகங்களை ஒரு கிளிக்கில் பிடித்துத் திருப்பிவிட்டான்! என் கொதிப்பு இப்போது புரிகிறதா?

ஆனால் அவன்மேல் மட்டும் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவனைவிடப் பெரிய குற்றவாளி நீ. ஆள் சாவதற்கு மாதமா இல்லை? கோடையில் சாகலாம், மாம்பழக் காலத்தில் சாகலாம். ஐப்பசி மழையில், அட்டை வெட்டத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சாகிறவனை என்னவென்று சொல்வது?

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? கட்டிலில் ஒரு போர்வையின் மடிப்புபோலக் கிடந்தாய். உன் மனைவி, என் மைனி, கஞ்சி சூடாக்க உள்ளே போனார். நீ தலையணைக்கு அடியிலிருந்து இடது செருப்பை எடுத்தாய். மைத்தட்டும் அங்கேயே இருந்தது. சாகிறவன் தலையணைக்கு அடியில் மைத்தட்டு வைத்திருப்பானா, கேள் உலகமே! என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரித்து, உள்ளங்கையில் ஒட்டகங்களை அழுத்தினாய்.

"எலே, இது கையாக்கும், கார்டு இல்ல," என்றேன்.

நீ என் உள்ளங்கையைப் பார்த்தாய். ஒட்டகங்கள் விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன.

"வீட்டுக்குப் போறாவ," என்றாய்.

மைனி கஞ்சியோடு வந்தார். நான் கையை மூடிக்கொண்டேன்.

அதன்பின் அந்தக் கையில் தண்ணீர் படவிடவில்லை. குளித்தால் கை மட்டும் கதவுக்கு வெளியே நின்றது. உன் ஒட்டகங்களை வைத்துக்கொண்டு குழம்பில் சோறு பிசைவது எப்படி? ஸ்பூனால் சாப்பிட்டேன். கஞ்சியை, மரச்சீனிக் கிழங்கை, மீன் முள்ளை, எல்லாவற்றையும் ஸ்பூனால். என் வீட்டுக்காரி, "நிங்க எந்த ஊரு ராஜாவாக்கும்?" என்று கேட்டாள். நான் ரகசியமாக லண்டன் போய்வந்ததாக ஊரில் பேச்சுக் கிளம்பியது. உன்னைக் கொண்டுபோன அன்று என் கையில் ஒட்டகங்களின் கால்கள் மட்டும்தான் மிச்சம் இருந்தன.

பதினாறாம் நாள் சடங்குக்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. செக்ரட்டரி போன பிறகு, சோப்பு டப்பாவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பஸ் ஏறிப் போனேன்.

மைனி வாசலில் நல்லமிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என் பல்லில் பாதி போன பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

"வாரும் தம்பி. வழி மறந்துபோச்சோ?"

"மைனி, அந்த ஒட்டகத்த எடுத்துத் தாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கார்டு அடிக்கணும்."

"தரமாட்டேன்."

நான் அங்கேயே கொதிக்கத் தொடங்கினேன். என் செருப்பு, என் இடது கால் போட்ட செருப்பு, எனக்குத் தரமாட்டாராம்!

"ஒத்தச் செருப்பக் கேட்டு வாற ஆள எங்கயாவது கண்டிருக்கீரா? நட்சத்திரம் கொண்டு வந்தீருல்லா? அப்ப உக்காரும். இஞ்ச வச்சு அடிப்போம். உமக்க கூட்டுக்காரரு அடிச்ச நேரமெல்லாம் மை தொட்டுக் குடுத்தது ஆரு?"

உன் மேசையைத் துடைத்தார். மைத்தட்டில் ஊதாவை ஊற்றினார். உன் துண்டு ஒன்றில் சுற்றிவைத்திருந்த ஒட்டகங்களை எடுத்தார். நான் அட்டையை வைத்தேன். அவர் ஸ்டாம்பைத் தூக்கி, வலது ஓரத்துக்குக் கொண்டுபோய், நிறுத்தினார். பிறகு மெல்ல இடது ஓரத்துக்கு நகர்த்தினார்.

"மைனி, அங்க இல்ல. அது குடிலுக்க எடம்."

"தெரியும்."

"அங்க அடிச்சா இவிய குடிலுக்குல்லா வருவாவ?"

"வரட்டும் தம்பி." ஸ்டாம்பு காற்றிலேயே நின்றது. "போறவியளப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு நோவுது."

செக்ரட்டரியோடு சண்டை போட எனக்கு ஆயிரம் வாய் இருந்தது. இங்கே அட்டையின் மூலையைத்தான் நிமிண்டிக்கொண்டிருந்தேன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வேன்? உன் ஒட்டகங்களைத் திருப்பப் பார்க்கிறவர் உன் வீட்டிலேயே இருக்கிறார், அதற்கு அவரிடம் நியாயமும் இருக்கிறது!

என்ன செய்வதென்று தெரியாமல் என் வலது கையை விரித்து மேசைமேல் வைத்தேன். அதில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். தலையணைக்கு அடியில் இருந்த மைத்தட்டு, கையில் அடித்தது, நீ சொன்ன இரண்டு வார்த்தை.

மைனி என் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார், அங்கே இன்னும் ஏதோ இருப்பதுபோல.

"வீட்டுக்குன்னா சொன்னாரு?"

"ஆமா."

"இதாக்கும் வீடு. பின்னே எங்கயாம் போறாரு?" குரலில் கோபம் இருந்தது. என்னுடையதைவிட உயர்ந்த ஜாதிக் கோபம். அவரே தொடர்ந்தார்: "தலையணை உறை முழுக்க ஊதா. சீக்குல என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்து போனேன். கள்ளன்." சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஸ்டாம்பை இடது ஓரத்திலேயே அழுத்தினார்.

"இந்த ஒண்ணு எனக்கு. நட்சத்திரத்த அந்தப் பக்கம் வையும். மத்ததெல்லாம் அவரு வச்ச மாதிரியே போகட்டு."

வைத்தேன். ஊரைக் கூட்டி நியாயம் கேட்ட இந்தக் கையாலேயே குடிலை வலது ஓரத்தில் வைத்தேன். மூன்று ஆடுகளும் பலாப்பழங்களோடு அதை நோக்கி வந்தன. வந்து சேர்ந்துவிடுவார்கள் போலத்தான் இருந்தது. மைனி அதை மை காய உன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார். அடுத்த அட்டையை நான் நீட்டியபோது அவர் கை நேராக வலது ஓரத்துக்குப் போனது. மிச்சம் எல்லாவற்றிலும் ஞானிகள் வீட்டுக்குப் போனார்கள்.

பாதியில் செக்ரட்டரி வந்து நின்றான். நான் பஸ் ஏறியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் அவன் கண்ணில் பட்டது எது தெரியுமா? அந்த ஒற்றை அட்டை.

"பாத்தியளா மாமா! இதத்தானே நானும் சொன்னேன்!"

"அதத் தொட்டேன்னா விரல ஒடிப்பேன்லே!"

"ஏன் மாமா? அது நேராட்டுத்தானே இருக்கு?"

"அது மைனிக்குள்ளது. நீ உனக்க அம்மையக் கூப்பிடு. அந்த மத்தக் கார்ட என்னத்துக்கு அப்பனுக்கு அனுப்பினான்னு அவகிட்ட கேளு."

அவன் வெளியே போய்ப் போன் பேசினான். நெடுநேரம் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் நின்றான். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, மை காய்ந்த அட்டைகளை மடிக்கத் தொடங்கினான். மடிப்பு கோணல். "கம்ப்யூட்டர்ல மடிக்கப் படிக்கல்லியாலே?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்தபடி, "வாட்ஸ்அப்பிலயும் இதயே போட்டுருதேன் மாமா. திருப்பாம," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கரோல் கிளம்பும்போது உன் ஒட்டகங்கள் அவர்கள் கையில் இருக்கும். இடது செருப்பு மைனியிடமே இருக்கிறது. அடுத்த வருஷமும் நட்சத்திரத்தோடு வரவேண்டும் என்று கட்டளை. நஷ்டஈடு கேட்டுப் பார்த்தேன். உன்னைப் போலவே, தரமாட்டாராம். திரும்பி வரும்போது சோப்பு டப்பா சட்டைப்பையில் நெஞ்சை இடித்துக்கொண்டே வந்தது.

இதைப் படிக்கிறவர்கள் மாமா வழக்கம்போல் அளந்துவிட்டார் என்பார்கள். அளந்ததுதான். அணையில் ஒரு மீனும் ஊதாவாகவில்லை. விமானம் எதுவும் வளையவில்லை. பெரியவர் முகத்தில் மெழுகுவர்த்தி பற்றவில்லை. முட்கள் கூட்டம் போடவும் இல்லை, அன்று நான் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வீடு போனேன். எல்லாவற்றையும் தள்ளிவிடு.

அந்த ஸ்பூன் இருக்கிறதே, அது மட்டும் நிஜம்.